மல்லிகாவுக்கு, பிரஷர் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டாள். நீதான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. 19 வயதுப் பிள்ளைக்குப் பிரஷர் 148/72, அதாவது மேல் அளவு 148, கீழ் அளவு 72, என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தாய்க்கும் பதறத்தான் செய்யும்.

எங்கள் இதயப் பிரிவில் சில மாதங்களாக ஒரு கருவியோடு பழகிக்கொண்டிருக்கிறேன். கையில் கட்டும் அதே பட்டைதான். ஆனால் கையில் உள்ள அழுத்தத்தோடு, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அழுத்தத்தையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அவனுக்கு மேல் அளவு மட்டும் உயர்ந்திருப்பது ஆபத்தா என்ற உன் கேள்விக்கு இதிலிருந்து பாதிப் பதில் கிடைக்கும்.

கையில் பட்டை கட்டிப் பார்ப்பது 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி காட்டிய வழி. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து கையின் அளவையே உடம்பின் அளவாக வைத்துக்கொண்டோம். ஆனால் இதயம் தள்ளுவது பெருந்தமனியின் அழுத்தத்தை எதிர்த்து. இரண்டும் ஒன்றல்ல. நாடி அலை கைக்கு வந்து சேர்வதற்குள் அதன் உச்சி உயர்ந்துவிடுகிறது. கீழ் அளவும் சராசரியும் அதிகம் மாறுவதில்லை, மேல் அளவுதான் ஏறுகிறது. குளத்து அலை கரையில் மோதித் திரும்புவதுபோல இந்த அலையும் சிறு குழாய்களில் பட்டுத் திரும்பி வருகிறது. இளம் வயதில் தமனி நெகிழ்வாக இருப்பதால் அது நிதானமாக, பெரும்பாலும் இதயம் தள்ளி முடித்து அதன் வால்வு மூடிய பிறகே இதயத்தருகே வந்து சேரும். வயதாகித் தமனி இறுகினால் அலை வேகமெடுத்து, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து, பெருந்தமனியின் மேல் அளவையும் ஏற்றிவிடும். அதனால்தான் இளைஞர்களில் கைக்கும் பெருந்தமனிக்கும் வித்தியாசம் பெரிது, முதியவர்களில் சிறிது. உன் மகனுக்குக் கையில் 148 என்றால் உள்ளே கணிசமாகக் குறைவாக இருக்கலாம்.

ஊசியும், தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரும் இல்லாமல் கருவி இதை எப்படி அறிகிறது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. முதலில் வழக்கம்போல் பிரஷர் பார்க்கும். பிறகு பட்டை மறுபடி கொஞ்சம் ஊதி, ஏறக்குறைய கீழ் அளவில் ஒரு 10 விநாடி அப்படியே நிற்கும். அப்போது ஒவ்வொரு துடிப்பிலும் தமனி விரிந்து சுருங்குவது பட்டைக்குள் இருக்கும் காற்றில் மெல்லிய அலையாகப் பதிவாகும். அந்த அலையின் வடிவத்திலிருந்து பெருந்தமனி அலையைக் கணிக்கிறார்கள். கதீட்டர் வைத்து அளந்தவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு உரசிப் பார்த்த கணக்கு அது.

ஆனால் அந்த அலைக்கு வடிவம்தான் உண்டு, உயரம் கிடையாது. உயரத்தைக் கையில் பார்த்த பிரஷரிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். சாதாரணப் பட்டையோ மேல் அளவைத் தமனிக்குள் உள்ளதைவிடக் குறைத்தும், கீழ் அளவைக் கூட்டியும் காட்டும் பழக்கமுடையது. அந்தப் பிழை அப்படியே உள்ளே போகும். மேல், கீழ் அளவுகளை வைத்துக் கணக்கிடும் கருவி ஒரு விடை சொல்லும். சராசரியையும் கீழ் அளவையும் வைத்துக் கணக்கிடுவது அதைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஒரே ஆள், ஒரே நாற்காலி, இரண்டு எண்கள்! அதனால் பட்டையின் அளவு கைக்குப் பொருந்துகிறதா, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தாரா, கை நெஞ்சு உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பொத்தானை அழுத்துவதே இல்லை. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பாய். அட்டெனலால், அம்லோடிபின் என்ற இரண்டு பிரஷர் மருந்துகளை ஒப்பிட்டு 2006-இல் வெளிவந்த கேஃப் ஆய்வைச் சொல்கிறேன். அங்கே பட்டை அல்ல, மணிக்கட்டு நாடியிலிருந்து கணித்தார்கள். அட்டெனலால் வழிச் சிகிச்சையிலும் அம்லோடிபின் வழிச் சிகிச்சையிலும் கைப் பிரஷர் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெருந்தமனியின் மேல் அளவோ அம்லோடிபின் பக்கம் சுமார் 4 மி.மீ. குறைவு. கையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு மருந்தும் சமம் என்று விட்டிருப்போம்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். இளைஞர்களுக்கு மேல் அளவு மட்டும் உயர்வது தீங்கற்றது என்று சிலரும், அப்படி விட்டுவிடக் கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். மருத்துவர்களே இன்னும் ஒருமித்துச் சொல்லவில்லை. ஆகவே பெருந்தமனி எண் நன்றாக வந்தாலும் அதை மட்டும் நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதே. முதலில் வீட்டில் வேறு வேறு நாட்களில், காலையும் மாலையும், அமைதியாக உட்காரவைத்துப் பார்த்து எழுதி வை. ஒரே ஒரு 148-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மாத்திரையும் சரி, பயமும் சரி. அதன் பிறகும் உயர்வாகவே இருந்தால் அவனை அழைத்து வா, நானே அளந்து தருகிறேன். அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரைப் பார்க்கலாம்.

வரும்போது அப்பாவின் மருந்துச் சீட்டையும் எடுத்து வா. அவர் இன்னும் அட்டெனலால் சாப்பிடுகிறார் என்றால், அதையே தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதுவரை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

அன்புடன்,
தேவகி