முள் ஆடும் வண்டி குறித்து மகனுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்பு மகனுக்கு,

வண்டியின் சூட்டு முள் திடீரென்று சிவப்புக் கோட்டைத் தொடுவதும் மறுநொடியே கீழே விழுவதுமாக இருப்பதால் பொங்கலுக்கும் வர இயலவில்லை என்று நீ அனுப்பிய இரண்டு வரிகளை உன் அம்மா படித்துக் காட்டினாள். பெங்களூரிலிருந்து ரயிலும் ஓடுகிறதே என்று அவள் தொடங்கியபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். பழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்ஜினுக்குள் இருக்கும் நீர் கண் இமைக்கும் நேரத்தில் 30 டிகிரி ஏறாது, இறங்காது. ஆகவே முள் துள்ளினால் நீரின் சூட்டை அளக்கும் சென்சாரையும் அதன் சாக்கெட்டையும் எர்த் வயரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும். சாக்கெட்டில் களிம்பு பிடித்தாலோ பின் தளர்ந்தாலோ அந்தக் கணக்கு தவறிவிடும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன், சென்சார்கள் சொல்லும் எண்களைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார். கூலன்ட்டின், அதாவது என்ஜின் நீரின், சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சாக்கெட்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி காட்டும். அப்போதும் எண் தாவிக்கொண்டிருந்தால் குறை சென்சாரில் இல்லை, வயரில்.

ஆனால் நீர் குறைந்து காற்று புகுந்தாலும் முள் இப்படித்தான் ஆடும், ஏனெனில் சென்சாரின் முனையில் ஒரு கணம் நீராவியும் மறுகணம் நீரும் படும். ஹீட்டரைப் போட்டுப் பார். சூடாக வந்த காற்று இடையிடையே குளிர்ந்தால் நீர் குறைவு என்றே கொள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதே. சத்தத்தைக் கேட்டே பெல்ட் தளர்ந்ததைச் சொன்ன பிள்ளை என்று உன்னைப் பற்றி இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் ஆடியிலிருந்து தை வரை இந்த முள்ளை ஆடவிட்டிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வழி பெரும்பாலும் இறக்கம்தான். திரும்பும்போதுதான் தொப்பூர் ஏற்றம்.

ஏற்காட்டுப் பாதையின் 20 வளைவுகளில் 14-ஆவதில் நம் பழைய வண்டி புகைந்து நின்ற அன்று, தண்ணீர் பார்த்தாயா என்று உன் மாமா வீட்டார் முன்னிலையில் கேட்டேன். பார்த்தேன், நிறைந்திருந்தது என்றாய். பொய் சொல்கிறான் என்றேன். நீ பார்த்தது ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உபரி நீர் நிற்கும் டப்பாவை. அது நிறைந்துதான் இருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால், என்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து நீர் திரும்பி உள்ளே போகாது. டப்பா நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் வற்றிவிடும். அந்த ரப்பர் வெடித்திருந்ததை முன்பே பார்த்தும் மாற்றாமல் விட்டவன் நான். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு முள் துள்ளியபோது, அது பொய் முள் என்று வயரைப் பிடுங்கி வைத்தவனும் நான்தான். என்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் சூட்டில் போன பழியை உன் தலையில் கட்டினேன். வீடு திரும்பும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சொன்னது உண்மை, கண்ணு.

ஆகவே டப்பாவை மட்டும் நம்பாதே. உன் வண்டியில் ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால், என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு அதைத் திறந்து, நீர் வாய்வரை இருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார். சூட்டில் மட்டும் திறக்காதே. பார்த்ததை உன் அம்மாவின் எண்ணுக்கு அல்ல, என் எண்ணுக்கு அழைத்துச் சொல். இரவு எந்நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா