முறுக்குக் கடையில் படித்த படிப்பு

தாராவி, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் முறுக்குத் தொழிலில் கற்றதற்குக் கிரெடிட், அதாவது பட்டப்படிப்பில் சேரும் பாட அலகு, கேட்டு நியூ ஜெர்சி கல்லூரிக்காக நீ எழுதிய வரைவைத் தம்பி தமிழில் வாசித்துக் காட்டினான். கேட்டதும் உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

விடியற்காலையில் எழுந்தது, அடுப்பில் வெந்தது, அப்பா நோயில் படுத்தபின் பி.காம். படிப்பை விட்டுத் தொழிலைத் தாங்கியது என எல்லாம் எழுதியிருக்கிறாய். அத்தனையும் சத்தியம். ஆனால் பட்ட பாட்டுக்கு அவர்கள் கிரெடிட் தருவதில்லை, கற்றதற்கே தருவார்கள் என்று சொன்னவள் நீதானே? அனுபவத்தில் கற்றதை மதிப்பிட வழிகாட்டும், 1974-இல் அங்கே தொடங்கிய சி.ஏ.இ.எல். அமைப்பின் அடிப்படை விதியும் அதுவே என்றாய். பிறகு ஏன் கற்றதை மறைக்கிறாய்?

மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப்போய்க் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்களே, அதை எழுது. ஓர் ஈட்டுக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்று அளந்தாய். உடைசல், கேஸ், கூலி, திரும்பி வந்த சரக்கு எல்லாவற்றையும் சேர்த்து, பாக்கெட்டுக்கு அடக்கவிலை போட்டாய். பெரிய பாக்கெட்டில் நட்டம் என்று கண்டுபிடித்துச் சிறிய பாக்கெட்டுக்கு மாறினாய். அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் மாணவர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று கல்லூரி பட்டியல் தந்திருக்குமே, அதன் ஒவ்வொரு வரிக்கும் நேராக இதை வை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்யத் தேவையில்லாத 20 லட்ச ரூபாய் ஆண்டு விற்பனை வரம்புக்குள் நாம் இருக்கிறோமா என்று இரவெல்லாம் கூட்டிப் பார்த்தாயே, அதையும் சேர்.

தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே. மதிப்பிடுபவர் அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியர். இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார். மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணமும் உண்டு என்பதால், உறுதியாகத் தெரிந்த பாடங்களுக்கு மட்டும் விண்ணப்பி. பணம் கட்டினால் அனுபவத்துக்கே பட்டம் தருகிறோம் என்பவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

உன் நீலநிறக் கணக்கு நோட்டின் நகலை அனுப்புகிறேன். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களிலும் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. அசல் என்னிடமே இருக்கட்டும். வாஷி மொத்த வியாபாரியிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். நல்ல பெண் என்று மட்டும் எழுதாமல், கொள்முதலையும் கடன் தவணையையும் நீ எப்படிக் கையாண்டாய் என்று எழுதச் சொன்னேன்.

நோட்டு தமிழில் இருப்பதால், எந்தப் பக்கங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கல்லூரியில் கேட்டு ஞாயிற்றுக்கிழமை சொல். தம்பியை மறுநாளே மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா