யோகி கரடிக்குப் பேசியவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய கார்ட்டூன்கள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 'டாம் அண்ட் ஜெர்ரி'யை அவ்வளவு ரசித்து எழுதிய கட்டுரையாளர், அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் பிற்பாடு 'யோகி கரடி' போலத் தொலைக்காட்சிக்குச் செய்ததை 'மலிவான வேலை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவு குறைவு என்பது உண்மைதான். 1957இல் ஹாலிவுட் பட நிறுவனமான எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. அந்த நிறுவனத்துக்கு டாமையும் ஜெர்ரியையும் வைத்து ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்த இருவரும், தொலைக்காட்சி கொடுத்த சொற்பப் பணத்தில் படம் எடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கில் படங்கள் வரைய வழியில்லை. உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு, தலையையும் வாயையும் மட்டும் மாற்றி மாற்றி வரைந்தார்கள். யோகி கரடி சட்டை இல்லாமல் காலரும் டையும் மட்டும் மாட்டியிருப்பது ஏன்? தலையும் உடம்பும் சேரும் இடத்தை அந்தக் காலர் மறைத்துவிடும், அதனால்தான்.

அதிகம் அசைய முடியாத கரடி பேசித்தானே சிரிக்க வைக்க வேண்டும்! 1958இல் 'ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட் ஷோ'வில் யோகி முதன்முதலாக வந்த 'யோகி பேர்ஸ் பிக் பிரேக்' பகுதியைப் பாருங்கள். தன்னை வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தைக் கண்டு அலுத்துப்போன யோகி, ஜெல்லிஸ்டோன் பூங்காவை விட்டுத் தப்பிக்கத் துடிக்கிறது. காவலர் விடுவதாக இல்லை. ஒருவழியாக வெளியே போய்ச் சேர்ந்தால், அங்கே கரடி வேட்டை நடக்கிறது. அலறியடித்துக்கொண்டு பூங்காவுக்கே திரும்பி வருகிறது. (அந்த நாளில் அமெரிக்காவின் நிஜமான யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் கரடிகள் சாலையோரம் நின்று காரில் வருவோரிடம் தீனி கேட்கும். அமெரிக்கர்களுக்கு யோகி பார்த்துப் பழகிய கரடிதான்.)

கதை அவ்வளவுதான். ஆனால் தன் புத்தியின் மேல் அந்தக் கரடிக்கு இருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை இருக்கிறதே, அது முழுக்க முழுக்கக் குரலில் இருக்கிறது. அந்தக் குரல் டாஸ் பட்லருடையது. அதே நிகழ்ச்சியில் ஹக்கிள்பெர்ரி நாய், ஜிங்க்ஸ் பூனை, டிக்ஸி எலி எல்லாமே அவர்தான்! தெற்கத்தி அமெரிக்கர் போல இழுத்து நிதானமாகப் பேசும் நாயும், வாய் ஓயாத யோகியும் ஒரே ஆள் என்று காதால் கண்டுபிடிக்கவே முடியாது. அவருக்கு ஈடுகொடுத்து பூபூ குட்டிக் கரடிக்குப் பேசியவர் டான் மெஸ்ஸிக். கார்ட்டூன் தொடர் ஒன்று, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை வாங்கியது 1960இல், இந்த நிகழ்ச்சிக்குத்தான் முதல் முறை. மலிவான வேலைக்கு அது கிடைத்திருக்காது.

கட்டுரையில் இந்த இரண்டு பேரின் பெயரும் எங்கும் இல்லை. வரைந்தவர்களுக்குக் கொடுத்த மரியாதையைப் பேசியவர்களுக்கும் கொடுங்கள். பட்லர், மெஸ்ஸிக், அப்புறம் பக்ஸ் பன்னிக்குப் பேசிய மெல் பிளாங்க், ராக்கி அணிலுக்குப் பேசிய ஜூன் ஃபோரே என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. அவர்களுக்கென்றே தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.