வாழைத்தாரும் கொழுந்துக்கூடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024இல் பார்த்த தமிழ்ப் படங்களில் மனத்தில் நின்றவை எவை, நோகடித்தவை எவை என்று வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். வசூல் கணக்கு எனக்குத் தெரியாது. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் தாயார் கொழுந்து பறித்தவர். அந்த வீட்டிலிருந்து வந்தவளின் கண்ணுக்குப் பட்டதை எழுதுகிறேன்.

என் கணக்கில் முதல் படம் மாரி செல்வராஜின் ‘வாழை’. பள்ளி இல்லாத நாட்களில் வாழைத்தார் சுமக்க விரட்டப்படும் சிறுவன் சிவனைந்தானின் கதை. அவன் தலையில் தாரைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் என் கை தானாக என் உச்சந்தலைக்குப் போனது. சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் காசு தரும் கைக்காசு வேலைக்குப் போகும் அம்மாவோடு நானும் மலையேறியிருக்கிறேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையாக நிற்போம். தராசு முள் ஆடி நிற்பதற்குள் ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை என்று கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் அம்மாவின் பெயரில் பதியப்படும். அம்மா வாய் திறக்கமாட்டார். கூடைக்கயிறு அழுத்திய இடத்தை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டு நிற்பார். அந்த இடத்தில் முடி தேய்ந்து, குறுக்கே ஒரு வகிடு எடுத்தது போல் இருக்கும். அவரைக் குளிப்பாட்டிக் கடைசியாகத் தலை சீவியபோதும் அந்த வகிடு அப்படியே இருந்தது.

அந்தப் படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். ஒரே ஒரு ரூபாய். அதைக் கொடுக்க நேர்ந்த வியாபாரி, அந்தச் செலவை எங்கே மிச்சம் பிடிக்கிறான் என்பதுதான் கதையின் முடிவையே தீர்மானிக்கிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காகத் தெருவில் நின்று, 2021இல் அதைப் பெற்ற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சம்பளம் கூடியது, கூடவே பறிக்கவேண்டிய கிலோவும் கூடியது என்று புலம்பாத லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எது? கடைசியில் சோற்றுப் பானையருகே வரும் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

அடுத்து ‘மெய்யழகன்’. பிரேம்குமார் இயக்கியது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து வெளியேறிய ஒருவர், இருபது வருடங்களுக்கு மேலாகியபின் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறார். அவர் விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று அங்கே ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது; அது அவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் வீட்டில் ஓர் அம்மி இருக்கிறது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து, எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ஏறிய சின்ன அப்பாயி விட்டுச் சென்றது. ரயிலுக்குப் புறப்படும் காலையில் கூட அதில் சம்பல் அரைத்துக் கட்டிக்கொண்டுதான் போனார். கோத்தகிரிப் பக்கம் இருப்பதாக இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. அந்த அம்மியில் அரைத்துத்தான் நாங்கள் ஆறு பிள்ளைகளும் வளர்ந்தோம். படம் முடிந்ததும் நான் போய் அதைக் கழுவி வைத்தேன்; ஏன் என்று மகன் கேட்கவில்லை. இவ்வளவு நிதானமான படத்தில், வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடங்களை வெட்டிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. பிரிந்தவர்கள் பேசிக்கொள்ள நேரம் வேண்டாமா?

‘வாழை’ வந்த அதே ஆகஸ்ட் 23ஆம் தேதி வெளியானது வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. பின்னணி இசையே இல்லாத படம். பெண் பிள்ளை வாய் மூடி உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பிடிவாதம் என்று நினைக்கும் எல்லாரும் பார்க்கவேண்டும். ‘தங்கலான்’ பாதிவரை என்னைக் கட்டிப்போட்டது. வெள்ளைக்காரத் துரையின் பேச்சை நம்பித் தங்கம் தோண்டக் குடும்பத்தோடு நடந்து போகிறவர்கள், இப்படியே தோட்டத்துக்கு வந்த என் பாட்டன்மார்கள்தான். பிற்பகுதியில் மாயக்காட்சிகள் பெருகி, மண் வெட்டுகிற மனிதர்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள்.

மோசமானவை இரண்டு. ‘இந்தியன் 2’ பார்க்க மகன் என்னைக் கொழும்பில் ஆசையாகக் கூட்டிப்போனான். 1996இல் வந்த முதல் ‘இந்தியன்’ படத்தில் சேனாபதி பெற்ற மகனையே தண்டித்தபோது கண்கலங்கியவள் நான். இருபத்தெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவரிடம் மேடைப்பேச்சு மட்டுமே இருந்தது. ‘கங்குவா’வைப் பற்றி என்ன சொல்ல? சூர்யாவின் உழைப்பு திரையில் தெரிகிறது. ஆனால் ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே கூச்சல். பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகம் புதைத்தாள். ஒலியைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே பிறகு திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். இத்தனை கோடியில் ஒரு பங்கு கையில் இருந்தால் எத்தனை ‘வாழை’ எடுத்திருக்கலாம் என்று அன்றிரவு முழுக்க வயிறெரிந்தது.

தமிழ்ப் படம் இல்லையென்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’. 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் நம் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் கேரளத் தம்பதியின் கதை, புசான் விழாவில் விருது பெற்றது. பொருள் களவு போகிறது, பொலிஸ் பிடித்துவருவது தோட்டத்துத் தமிழர்களை. நேர்மையான படம். நடப்பதைத்தான் காட்டியிருக்கிறார். ஆனாலும் நம் மலை, நம் பனி, நம் தேயிலை என்று எல்லாம் திரையில் வரும்போது நாம் சந்தேக நபர்களாக மட்டும் வந்து நிற்பது நெஞ்சில் குத்தியது. அந்தப் பிடிபட்டவனின் லயத்துக் காம்பராவில் (அறையில்) தொடங்கும் படத்தை நம் பிள்ளைகள்தான் எடுக்கவேண்டும்.

எடுத்தும் இருக்கிறோம். 1975இல் வீ.பி. கணேசன் தயாரித்து, தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தில் வந்த ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. பதினொரு வயதில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. பிரதி வைத்திருப்பவர்கள் யாராவது உங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரியப்படுத்தினால், பாடசாலை மண்டபத்தில் திரையிட அதிபரிடம் பேசி வைத்திருக்கிறேன். வெள்ளைத் திரை இருக்கிறது. ஒலிபெருக்கி என் மகன் கொண்டுவருவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா.