பீலியில் தண்ணீர் இல்லை, கானில் மண்

ஆசிரியருக்கு,

எங்கள் லயத்துப் பீலியில் (தோட்டக் குடியிருப்பின் ஊற்றுநீர்க் குழாயில்) முன்பெல்லாம் மார்ச் மாதத்திலும் வாளி சட்டென்று நிறையும். இப்போது நூல் மாதிரி ஒழுகுகிறது. குடிக்கவே இழுபறி, லீக்ஸ் பாத்திக்கு எங்கே ஊற்றுவது? அப்புறம் தென்மேல் பருவமழை பிடித்தால், ஒரே இரவில் மேல்மண்ணையும் போட்ட உரத்தையும் ஆற்றுக்கு அள்ளிக்கொண்டு போகிறது. மகாவலி, களனி ஆறுகள் பிறக்கும் மலையில் இந்த நிலை!

தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் (வடிகால்) வெட்டி, இடையிடையே குழி விட்டிருந்தார்கள். மழைநீர் அதில் தங்கி மண்ணுக்குள் இறங்கும். இன்று பல கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. மரக்கறித் தோட்டங்களிலோ மேலிருந்து கீழாகவே பாத்தி பிடிக்கிறோம் (நானும்தான்). தண்ணீர் வடிய வசதி, மண்ணும் சேர்ந்தே வடிகிறது.

அரசு மானியத்தில் தண்ணீர்ப் பம்பு தருவது சரி. ஓடையில் தண்ணீர் இருந்தால்தானே அது உறிஞ்சும்? முதலில் கான் தூர்வார நாட்கூலிக்கு வழி செய்யுங்கள்.

மரக்கறி விவசாயி ஒருவர்,
நானுஓயா