"எல்லாரும் பெக்கலையா" என்று சொன்னதற்கு

தாராவி, மும்பை
செவ்வாய்க்கிழமை

செல்விக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு நீ போன் பண்ணினாய். மூணு மணிக்கு இட்லிப் பானை ஏற்றணுமே என்று நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, பெக்கும்போது செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா, எல்லாரும் பெக்கலையா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. 1997இல், நீ வயிற்றில் இருந்தபோது, உன் ஆச்சி என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குப் பயம் போகவில்லை, வாய்தான் மூடிக்கொண்டது. பெண்ணுக்குப் பெண் இப்படியே வாயை மூடி வைத்திருக்கிறோம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், சில விஷயம் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

சாவைப் பற்றி முதலில். மறுநாளே நம் டாக்டரம்மாவிடம் போய் இதைக் கேட்டேன். நீ பிறந்த காலத்தில் நம் நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 398 தாய்மார் இறந்துபோனார்களாம். 2018-20 கணக்கில் அது 97 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெறுவதும், பிள்ளை வெளியே வந்த உடனே ரத்தப்போக்கை அடக்க ஆக்சிடோசின் ஊசி போடுவதும் முக்கியமான காரணங்கள் என்றார். எண்ணைக் கேட்டால் பயம் போய்விடுமா, போகாது. எனக்கும் போகவில்லை. ஆனால் "ஒவ்வொரு மாசமும் செக்கப்புக்குப் போகிற பொண்ணு, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் சரியா இருக்கு, பிறகென்ன" என்று அவர் கேட்டபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்தது வலி. வலிக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பயந்த மாதிரி விடாமல் வலிக்கவில்லை. நம் லோக்கல் வண்டி மாதிரி, வரும், நிற்கும், போய்விடும். அடுத்தது வருவதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளலாம், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். போகப்போக காலை எட்டரை மணி சயான் ஸ்டேஷன் ஆகிவிடும், ஒன்றன் பின் ஒன்றாக வரும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதற்கப்புறம் 10 ஆவதற்கு, தலைப்பிரசவம் என்றாலும், பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. இப்போது முதுகில் எபிடியூரல் ஊசி போட்டு வலியைக் குறைக்கிறார்கள். வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள். வலியைத் தாங்கியவள் என்று உனக்கு யாரும் தனியாக வளையல் போடப் போவதில்லை.

எனக்கு அந்த வலி சுத்தமாக மறந்துவிட்டது. மறக்காதது வேறு ஒன்று. நான் கத்தினேன் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா என் தொடையில் ஓங்கி அடித்தாள். உங்க அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆச்சி ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் மராத்தி, எனக்கு அப்போது பாதிகூடப் புரியாது. என்னை என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் படுத்திருந்தேனே, அதுதான் என் பயம் முழுக்க. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே, பிரசவ அறையில் பெறுகிறவளுக்குப் பிடித்த ஒருத்தர் கூட இருக்க வேண்டும் என்கிறது. உன் ஆஸ்பத்திரியில் விடுவார்களா என்று இந்த வாரமே கேள். மாப்பிள்ளையா நானா என்று நீயே முடிவு பண்ணு, எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளை வெளியே வர வழி பெரிதாகட்டும் என்று கீழே வெட்டுவார்கள், அதைப் பற்றியும் கேள். எல்லாருக்கும் வழக்கமாக வெட்டக் கூடாது, தேவைப்பட்டால்தான் என்பது இப்போதைய முறை. எனக்கு வெட்டினார்கள், கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மூணு வாரம் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன். தையல் இருந்தால், ஒன்றுக்குப் போகும்போதே ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போ, எரிச்சல் குறையும்.

"அப்புறம் என் உடம்பு பழையபடி ஆகுமா" என்று அழுதாயே, அதற்கு வருகிறேன்.

நீ பிறந்த அன்றைக்கு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். கர்ப்பப்பை அன்றைக்குத் தொப்புள் வரை நிற்கும், ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். தினம் ஒரு விரல்கடை இறங்கி, ஆறு வாரத்தில் 60 கிராம் அளவுக்கு வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து வலிக்கும், அது சுருங்குகிற வலி. ஆச்சி பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிற்றைக் கட்டினாள். கட்டியதால் அது சுருங்கவில்லை, தானாகத்தான் சுருங்கியது. இடுப்புக்கு ஆதரவாக இருந்தது, அவ்வளவுதான். மூச்சு முட்ட இறுக்கவும் கூடாது. தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று நாலு மடக்குக்கு மேல் தரவும் மாட்டாள். மலச்சிக்கலில் தையலோடு நான் பட்ட பாடு! உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் என் பெயரைச் சொல்லிவிட்டுக் குடி. உளுந்தங்களி, கருப்பட்டி, பூண்டு எல்லாம் நான் வந்து பண்ணித் தருகிறேன், அதில் ஆச்சியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ரத்தம் நாலிலிருந்து ஆறு வாரம் வரை போகும். முதலில் சிவப்பு, அப்புறம் பழுப்பு, கடைசியில் வெளிறிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட நாற்றமோ இருந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது சொல்லப்போவது உங்க அப்பாவுக்கே தெரியாது. நீ மூணாவது படிக்கும்போது ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் அம்மாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். கால் வலிக்கிறது என்றேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். செல்வி, எனக்குக் கால் வலிக்கவில்லை. ஓடினால் மூத்திரம் போய்விடும். தும்மினால், சிரித்தால், மாவுச் சட்டியைத் தூக்கினால் போகும். லோக்கலில் போகிற நாளில் அடர் கலர் சேலைதான் கட்டுவேன், உள்ளே துணி மடித்து வைத்திருப்பேன். பிள்ளை பெத்தவளுக்கு இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷம்.

அப்புறம் முட்டிவலிக்குப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபி பெண், உன் வயசுதான் இருக்கும், தானாகவே கேட்டது: "ஆன்ட்டி, தும்மினா லீக் ஆகுதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தது. மூத்திரத்தையும் வாயுவையும் சேர்த்து அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடிக்கணும், ஐந்து எண்ணணும், விடணும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் பின்பக்கத்தையும் இறுக்கக் கூடாது. பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை. கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். மூணு மாசத்தில் தும்மலுக்குப் பயப்படுவது போய்விட்டது. நீ இப்போதே தொடங்கலாம், மாசமாக இருக்கும்போதும் செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். உடம்பு அப்படியே பழையபடி ஆகுமா என்றால், ஆகாது. வயிற்றுக் கோடு எனக்கு இன்னும் இருக்கிறது. பெத்து மூணு நாலு மாசத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், திரும்ப முளைக்கும். மாப்பிள்ளை விஷயம்: நாள் கணக்கை மட்டும் பார்க்காதே, உனக்கு உடம்பும் மனசும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெத்த மூணாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். எனக்கு உன் ஆச்சி ரசத்தில் உப்பு குறைவு என்றதற்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் அது தெளிந்துவிடும். தெளியாவிட்டால் மறைக்காதே. நீ இருக்கிற பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கிப் பார்த்துக்கொள்ள 2009இலிருந்து தனி வார்டு இருக்கிறது. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணினால் தமிழிலேயே பேசலாம். இப்போது வருகிற பயத்தில் தூக்கமே போய்விட்டதென்றால் அதையும் அடுத்த செக்கப்பில் வாய்விட்டுச் சொல். பிரசவத்தை நினைத்து வருகிற பெரும் பயத்துக்கு மருத்துவத்தில் டோக்கோஃபோபியா என்று பெயரே வைத்திருக்கிறார்களாம். பெயர் இருக்கிறதென்றால் உனக்கு மட்டும் வந்ததில்லை என்றுதானே அர்த்தம்.

எட்டாம் மாசம் முடிவதற்குள் உத்யான் எக்ஸ்பிரஸில் வந்துவிடுவேன். கடையை உன் சித்தி பார்த்துக்கொள்வாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன், அங்கே வாங்கி வைக்காதே. இனி ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடு. ரெண்டு மணிக்குக் கூப்பிட்டால் இன்னும் நல்லது, எனக்கு மூணு மணிக்கு அலாரம் வைக்கிற வேலை மிச்சம்.

அம்மா