கார்டு போனாலும் ஆட்டம் நிற்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கம்ப்யூட்டர் வாங்கும் வழிகாட்டியை வரி விடாமல் படித்தேன். மதர்போர்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை பற்றியெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் திரைக்குப் படம் வரைந்து தரும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் கேம் ஆடும் எண்ணத்தையே விட்டுவிடலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கார்டு செத்துப்போன பிறகும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகலில் அதில் வேலை, இரவில் வேறு ஊரில் இருக்கும் தம்பியோடு டோட்டா 2 என்ற ஆன்லைன் ஆட்டம். எங்களுக்குள் நடக்கும் பேச்சில் பாதி அந்த ஆட்டத்தின் நடுவேதான் நடக்கிறது. ஒருநாள் திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சதுரங்கள் தெறித்தன. மறுநாள் கார்டின் ஃபேன் சுற்றியது, படம் வரவில்லை. வாரண்டி காலமும் முடிந்திருந்தது.

இப்படிச் சதுரங்களும் கோடுகளும் தெரிந்தால் பெரும்பாலும் கார்டில் இருக்கும் மெமரி சில்லுகளிலோ, சில்லுகளைப் பலகையோடு பிணைக்கும் சால்டர் என்ற பற்றாசு உலோக மணிகளிலோ கோளாறு இருக்கும். ஆடும்போது சூடாகி விரிவதும் அணைத்தபின் ஆறிச் சுருங்குவதுமாக வருடக்கணக்கில் நடப்பதில் அந்த இணைப்புகள் விரிசல் விடுகின்றன. கார்டை கேக் சுடும் ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். சில நாள் உயிர் வந்ததுபோல் இருக்கும், மறுபடி போய்விடும். பிளாஸ்டிக்கும், சால்டர் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸும் கக்கும் புகை, சமைக்கிற ஓவனுக்குள் இருக்கக் கூடாதது. பழுது பார்க்க வேண்டுமானால் சில்லைக் கழற்றிப் புது சால்டர் மணிகள் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

சரி, அதுவரை என்ன செய்வது? என் ப்ராசஸர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. அதற்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் பகுதி இருக்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினேன், படம் வந்துவிட்டது. வராவிட்டால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் உள் கிராஃபிக்ஸ் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கத் திரையே இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மதர்போர்டு கையேட்டில் சொன்னபடி அந்த அமைப்புகளைச் சேமித்துவைக்கும் சீமாஸை அழித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்புறம் பழைய கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுப் புது டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் தங்கள் வழிகாட்டி மேல் எனக்கு உண்மையான வருத்தம். அதில் பரிந்துரைத்திருந்த ப்ராசஸர்களில் சிலவற்றின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிகிறது. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசை வரை டெஸ்க்டாப் ப்ராசஸரில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் அது உண்டு. 7000 வரிசையிலிருந்து ஜி, எஃப் இரண்டும் இல்லாத சில்லுகளிலும் சிறிதாக ஒன்று வைக்கிறார்கள். அது படம் காட்டப் போதும், பெரிய ஆட்டத்துக்குப் போதாது. கார்டு போகும் நாளில் எஃப் ப்ராசஸர் வைத்திருப்பவருக்கு கேம் மட்டுமல்ல, கம்ப்யூட்டரே இல்லை. என் வேலை அதில்தான் ஓடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாங்கப்போகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்தின் விளைவைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது ரேம். உள் கிராஃபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது. ப்ராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பகிர்ந்துகொள்கிறது. அதனால் அதன் வேகத்தை முடிவு செய்வதில் ரேமுக்குப் பெரும் பங்கு. 3200 வேகத்தில் ஓடும் ஒரே ஒரு டிடிஆர்4 வகை ரேம் நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். அதே ரேம் இரண்டு இருந்து, ரேம் செருகும் சரியான ஸ்லாட்டுகளில் இருந்தால் 51.2. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 6 ஜிபி வகை தன் சொந்த மெமரியிலிருந்து 192 ஜிகாபைட் எடுத்தது. இடைவெளி பெரியதுதான். ஆனால் ஒற்றை ரேமோடு ஆடிப் பார்த்துவிட்டு உள் கிராஃபிக்ஸே உதவாது என்று முடிவு கட்டுகிறவர்கள், அந்தச் சில்லுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதியைத் தடுத்துவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டாவது ரேமைப் போட்டதும் என் கம்ப்யூட்டரில் டோட்டா ஓடியதைப் பார்த்து, இது அதே இயந்திரம்தானா என்று தோன்றியது. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற வசதியை பயாஸில் இயக்காவிட்டால் 3200 என்று எழுதிய பல ரேம்கள் 2133, 2400 போன்ற வேகத்தில்தான் ஓடும். நிறையப் பேர் இதைத் தொடுவதே இல்லை.

பயாஸில் இன்னொன்றும் இருக்கிறது, கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ரேமை ஒதுக்குவது என்பது. பல போர்டுகளில் 512 எம்பி என்று இருக்கும். தேவைப்பட்டால் விண்டோஸ் அதற்கு மேலும் தானாகக் கொடுக்கும் என்றாலும், சில கேம்கள் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓட மறுக்கின்றன. 16 ஜிபி ரேம் உள்ளவர்கள் 2 ஜிபி ஒதுக்கலாம். மொத்தமே 8 ஜிபி என்றால் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இனி திரை. 1920க்கு 1080 என்றால் திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், அதாவது ஃபிரேமிலும், சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1280க்கு 720 என்றால் சுமார் 9.2 லட்சம், பாதிக்கும் குறைவு. கேமில் ரெண்டர் ஸ்கேல் என்ற வசதி இருந்தால் ரெசல்யூஷனைத் தொடாமல் அதைக் குறைக்க வேண்டும். காட்சி மட்டும் சிறிதாக வரையப்பட்டுப் பெரிதாக்கப்படும், எழுத்துகளும் மேப்பும் கூர்மை குறையாமல் இருக்கும். நாள் முழுக்க எழுத்தையே பார்த்து வேலை செய்கிற கண்ணுக்கு இது பெரிய உதவி. ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் என்ற தொழில்நுட்பம் இந்தப் பெரிதாக்கலை இன்னும் நன்றாகச் செய்கிறது, மற்ற நிறுவனங்களின் கிராஃபிக்ஸிலும் வேலை செய்கிறது. நிழல்களின் தரத்தை முதலில் குறைக்கலாம். பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் டெக்ஸ்ச்சரை மெமரி தாங்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரேம் எண்ணிக்கை பற்றியும் தங்கள் பக்கத்தில் நொடிக்கு 60-க்குக் குறைந்தால் ஆட முடியாது என்பதுபோல் எழுதுகிறார்கள். 35-க்கும் 60-க்கும் இடையே தாவிக்கொண்டே இருப்பதைவிட ஒரே சீராக 40 வருவது கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவோ மேல். 30 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிநொடி, 60 என்றால் 16.7. 40-க்கு 25 மில்லிநொடி, அதாவது நேரக்கணக்கில் இரண்டுக்கும் சரி நடுவில். நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40 அழகாகப் பொருந்தும். வெறும் 60 ஹெர்ட்ஸ் என்றால் கனமான கேம்களை 30-இல் நிறுத்திவைப்பதே நிம்மதி.

எல்லாமே ஓடும் என்று நான் சொல்லவில்லை. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும், ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் ரே டிரேசிங் வசதியுள்ள வன்பொருள் இல்லாமல் ஓடாது. என் சில்லில் அது இல்லை, அவற்றை விட்டுவிட்டேன். ஆனால் டோட்டா, வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஹாலோ நைட், ஹேடிஸ், ஸ்டார்டூ வேலி, குறைந்த செட்டிங்ஸில் ஜிடிஏ 5 எல்லாம் ஓடுகின்றன. இவற்றை ஆடி முடிக்கவே பல வருடங்கள் ஆகும். கார்டு போனதால்தான் ஹாலோ நைட்டை ஆடத் தொடங்கினேன், இன்றுவரை எனக்கு மிகப் பிடித்த கேம் அதுதான்.

ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே சில்லில் இருப்பதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் இரண்டும் ஒரே சில்லில்தான் இருந்தன. பொதுவாக இருந்த 8 ஜிபி மெமரி நொடிக்கு 176 ஜிகாபைட் வேகத்தில் ஓடியது, அதுதான் வித்தியாசம். 2022-இல் வந்த, கையில் பிடித்து ஆடும் கேம் கருவியான ஸ்டீம் டெக்கும் இதே அமைப்புதான். ஆக, அந்த அமைப்பில் குறையில்லை. டெஸ்க்டாப்பில் அதற்குக் கிடைக்கும் மெமரி மெதுவானது, கேம் தயாரிப்பவர்கள் அதை நினைத்துச் சோதிப்பதும் அரிது. வேலரன்ட் 2020-இல் வந்தபோது குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 2012-ஆம் ஆண்டின் இன்டெல் எச்டி 4000-ஐப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்கள். இப்படிப் பெயரோடு சொல்லும் தயாரிப்பாளர்கள் எத்தனை பேர்?

அவர்கள் சொல்லாவிட்டாலும் தாங்கள் சொல்லலாம். வாரந்தோறும் வரும் கேம் விமர்சனத்தின் முடிவில் ஒரே ஒரு வரி சேருங்கள்: தனி கார்டு இல்லாமல், இரண்டு ரேமோடு, 720-இல் இந்த கேம் எத்தனை ஃபிரேம் தருகிறது, எழுத்து படிக்க முடிகிறதா. இதைச் சோதிக்க விமர்சகருக்குப் புது இயந்திரம் வேண்டியதில்லை. அவருடைய ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தால் போதும். அந்த வழிகாட்டியை மீண்டும் வெளியிடும்போது எஃப் என்று முடியும் ப்ராசஸர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி